மாலை போடாத படம்

என் வேலை கேட்பது. செங்கல்பட்டில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பகல் பள்ளிக்காக ஊரெல்லாம் நன்கொடை கேட்பது. கேட்டுக் கேட்டு முகம் மரத்துப்போயிருக்கும் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஒவ்வொரு வாசலிலும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை நினைக்கத்தான் செய்கிறேன். காலையில் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வேன். கொளவாய் ஏரி வந்ததும் தண்ணீரின் வெளிச்சம் இமைக்குள் புகுந்து எழுப்பிவிடும். அந்த ஒரு நிமிடம் நான் எங்கே போகிறேன், யாரிடம் என்ன கேட்கப் போகிறேன் என்பதே மறந்திருக்கும். அந்த மறதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு பெரும்பாலும் பிறர் வீட்டு நாட்களில் ஓடுகிறது. பிறந்தநாள் என்றால் கேசரி, கைதட்டல், பாட்டு. நினைவு நாள் என்றால் வடை பாயசம், நாற்காலியில் மாலை போட்ட படம், பிள்ளைகள் கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை. பாதிப் பேர் பாயசம் எந்தப் பக்கம் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தந்த வீட்டாருக்கு முன்கூட்டியே போன் செய்து நாளை நினைவூட்டுவது என் பொறுப்பு. யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்பது எமனுக்கு அடுத்தபடி உனக்குத்தான் தெரியும் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அந்த நாட்களில் ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சேராதது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா வருவார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மகள் அப்போது நடை பழகி ஓடத் தொடங்கியிருந்த வயது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவரை போனதாகச் சொல்லாதே என்பது அந்த அக்காவின் கட்சி. பொட்டும் பூவும் எடுக்கவே இல்லை. வருடா வருடம் கணவரின் பிறந்தநாளன்று கேசரிக்குச் சொல்லிவிட்டு, துணிப்பையில் அவர் படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைப்பார். மாலை கிடையாது, குங்குமம் கிடையாது, விளக்கு கிடையாது. மீசை அரும்பிய ஓர் இளைஞன் அதில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான். பிள்ளைகள் அவனுக்காகப் பாடுவார்கள். அக்காவும் சேர்ந்து கைதட்டுவார்.

சில வருடங்களுக்கு முன் பள்ளி நிர்வாகம் என்னை மாமல்லபுரத்துக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. திட்டமிட்ட கொடை என்று அதற்குப் பெயர். விளக்கமாகச் சொன்னால், ஒருவர் தன் உயிலில் நம் பள்ளிக்கும் ஒரு பங்கு எழுதிவைக்கும்படி அவரிடமே பேசும் கலை. கடற்கரை விடுதியின் குளிரூட்டிய கூடம், கனத்த திரைச்சீலை. அது விலகும்போதெல்லாம் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்து மறையும். நான் திரையில் ஓடிய படங்களைப் பார்த்ததைவிட அந்தக் கீற்றைப் பார்த்ததுதான் அதிகம். கடல் சத்தமே கேட்காது, அலை மட்டும் வரும், போகும். கனவில் யாரோ நம்மிடம் பேசுவதுபோல இருந்தது.

பயிற்சி தந்த அம்மா வெளியூர்க்காரர், கண்டிப்பானவர். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கொடையாளராக நடிக்க, மற்றவர் உயிலைப் பற்றிக் கேட்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. கூடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு முதியோர் இல்லத்துக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து, கைகளைப் பிசைந்துகொண்டு, "உங்க நூறு வயசுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு இப்பவே தொண்ணூத்தொன்பதுன்னா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"அப்ப நூத்தி இருபதுக்கு அப்புறம் மேடம்" என்றார் வங்கிக்காரர். கூடமே சிரித்தது. இறந்த பிறகு என்று நேராகச் சொல்லுங்கள், சொன்னால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று பயிற்சியாளர் மன்றாடினார். என் முறை வந்தபோது சொல்லிப் பார்த்தேன். நாக்கு கசந்தது. ஆனால் சொல்லிவிட்டேன், பாராட்டும் வாங்கினேன். அடுத்த வகுப்புக்குள் உண்மையான ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வரவேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

நான் அந்த அக்காவிடம் போனேன். அவர் அப்போது சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்காகச் செங்கல்பட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவரிடம் போய் இதைப் பேசுவதா என்று பேருந்தில் வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன். டச்சுக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் அவர் வீடு. வாசலில் கருவாடு காய்ந்தது. கடற்காற்றில் பேச்சு பாதியிலேயே பறந்துவிடும் போலிருந்தது. டீ கொடுத்தார். நான் வானிலை பேசினேன், மீன் விலை பேசினேன்.

"இன்னா கண்ணு, எத்தையோ சொல்ல வந்துகினு முழுங்குற?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. உங்க... உங்க காலத்துக்கு அப்புறம்..." என்றேன். கற்றுக்கொண்ட சொல் காற்றோடு போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. இதற்காகவே காத்திருந்ததுபோல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே நகர்ந்தார்.

"நானே கேக்கணும்னு கீறேன். ரோட்டாண்ட நம்ம கடை ஒண்ணு வாடகைக்கு வுட்டுகீதே, அத்த உங்க பசங்க சோத்துக்கு எழுதி வெச்சிட்றேன். வூடு எம் பொண்ணுக்கு. ஆனா ஒண்ணு. எனக்கு அப்பறமும் அந்த நாளு அவரு பொறந்தநாளாத்தான் இருக்கணும். எம் பொண்ணு மாத்தச் சொல்லுவா. மாத்தக் கூடாது. படத்துக்கு மாலை போடக் கூடாது. நானும் பூட்டா அவர உசுரோட வெச்சிருக்க ஆளு இல்ல, கண்ணு."

சரிக்கா என்றேன். அவர் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். "அறுபதாம் கண்ணாலம் வேற பாக்கி கீது எங்களுக்கு!"

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். பயிற்சியாளர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "கொடுக்கறவங்க நிபந்தனை வெக்கலாம். ஆனா உங்களால காப்பாத்த முடியாத நிபந்தனைன்னா அந்தக் கொடைய வாங்காதீங்க. உங்களால முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். திரைச்சீலை விலகி அந்தக் கீற்றுக் கடல் தெரிந்தது. அங்கே எங்கோ ஓர் ஆள் வயதாகிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். சொன்னபடியே கடையை உயிலில் எங்களுக்கு எழுதியிருந்தார். மகள் கூடுவாஞ்சேரியில் குடியிருப்பவள், அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள், கடை விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் சங்கடம் வேறு. பிறந்தநாளை நினைவூட்ட நான் போன் செய்தபோது சொன்னாள்.

"இந்த வருசத்துலேர்ந்து நினைவு நாள்னு போட்டுருங்க மேடம்."

"அம்மா வேற மாதிரி சொல்லிட்டுப் போயிருக்காங்களேம்மா."

"தெரியும். நாலு வயசுலேர்ந்து அதத்தான் கேக்கறேன். இஸ்கூல்ல அப்பா இன்னா பண்றாருன்னு கேட்டா கடலுக்குப் போயிருக்காருன்னு சொல்லணும். நான் எங்கப்பாவுக்கு ஒரு தபாகூட அழுததில்ல மேடம். எங்கம்மா அழவே வுடல."

போனை வைத்தேன். அன்று ரயிலில் ஏரி வந்ததும் போனதும் தெரியவில்லை. போனவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இருப்பவளின் அழுகை ஒரு பக்கம். எந்தப் பயிற்சியிலும் இதற்கு வகுப்பு எடுக்கவில்லை. அக்காவின் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பிடிவாதத்தை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டலாமா என்று மனதுக்குள் சண்டை போட்டேன். ஆனாலும் சமையலறையில் கேசரிக்குத்தான் சொன்னேன். வாங்கிக்கொண்ட கொடை அது, வேறெப்படிச் சொல்வது.

அந்த நாள் அவள் வந்தாள். அதே துணிப்பை. படத்தை எடுத்து நாற்காலியில் வைத்தாள். பையின் அடியில் வாழை இலையில் சுற்றிய ஒரு சம்பங்கி மாலை இருந்தது, வாசனையே சொல்லிவிட்டது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அந்தப் படம் நாற்காலிக்கு வந்தால் பாட வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கம். ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு வேகம், சிலருக்குச் சொல்லே வராது, கைதட்டல் மட்டும்தான். எல்லோரும் அந்த இளைஞனைப் பார்த்து, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் அழுதாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு அப்பா அப்பா என்று வாய்விட்டே அழுதாள். பிள்ளைகள் பாட்டை நிறுத்தவில்லை, முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

அழுது முடித்து முகம் துடைத்தாள். மாலையை மறுபடி இலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கரண்டியை வாங்கிக்கொண்டு வரிசையாகக் கேசரி பரிமாறினாள், அம்மாவைப் போலவே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொசுறோடு. கடைசித் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு இன்னிக்கு எத்தினி வயசு ஆவுது?"

"அம்பத்தொன்பது" என்றேன்.

நாற்காலியில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வர்ற வருசம் அறுபது. அம்மா போட்டோவையும் எடுத்தாறேன்" என்றாள். "மாலை ரெண்டா வாங்கணும்."