வளையலுக்குக் கட்டிய கைக்குட்டை

இது நடந்தது. எனக்கே நடந்தது. கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான் சவுண்ட் இன்ஜினியர். வேண்டாத சத்தத்தைக் குறைப்பதுதான் என் பிழைப்பு. நான் எவ்வளவு குறைத்தும் குறையாத ஒரு சத்தத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நடுராத்திரி எல்லாம் இல்லை. பட்டப்பகல். ஆனால் டப்பிங் தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எப்போதும் ராத்திரிதான்.

எங்கள் தியேட்டரில் ஓர் அக்கா டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். பெரிய கதாநாயகி ஒருவருக்கு இருபது வருடமாக அவர்தான் குரல். அழுகை, சிரிப்பு, காதல் எல்லாம் அக்காவின் தொண்டையிலிருந்து வரும். விருது மட்டும் கதாநாயகி வீட்டு அலமாரிக்குப் போகும். டைட்டிலில் அக்காவின் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. "திரையில என் பேரை ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும் தம்பி, நிம்மதியா கண்ண மூடிடுவேன்" என்பார். பெயர் வரவில்லை. கண்ணை மூடிவிட்டார். மாரடைப்பு. எனக்குச் சொந்த அக்கா போன மாதிரி இருந்தது.

அவர் கண்ணாடி வளையலைக் கழற்றவே மாட்டார். மைக்கில் சத்தம் விழக்கூடாதென்று வளையலுக்கு மேல் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பேசுவார். சாகிற காட்சி என்றால் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி மூச்சை விட்ட கையோடு வெளியே வந்துவிட மாட்டார். மைக் முன்னாலேயே நின்று, சொந்தக் குரலில், "சரி... நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். சாவு படத்தோடு போகட்டும், தன்கூட வர வேண்டாம் என்பது அவர் கணக்கு. நாங்கள் கிண்டல் செய்வோம்.

அவர் போனபோது ஒரு படம் பாதியில் நின்றது. எல்லாக் காட்சியும் பேசி முடித்திருந்தார். கதாநாயகி சாகிற காட்சி ஒன்றுதான் பாக்கி.

தயாரிப்பாளர் அக்காவின் தங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு மருத்துவமனையில் போன் எடுக்கிற வேலை. குரல் அச்சு அசல் அக்காதான். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். படத்துல அக்கா பேர் வரணும்."

"அதுக்கென்னம்மா, போட்டுடலாம்" என்றார் தயாரிப்பாளர். அவர் இவ்வளவு சுலபமாக எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அந்த அம்மாவுக்கோ என்மேல் சந்தேகம். உள்ளே போகும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா குரலை கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கீங்களாமே? அவ செத்தப்புறமும் பேச வைப்பீங்களாமே?"

"அப்படி எதுவும் இல்லம்மா."

"சத்தியமா?"

"என் பொண்ணு மேல சத்தியம்."

மதியம் மூன்றரைக்கு ஆரம்பித்தோம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் படத்தின் இணை இயக்குநரும். அந்தப் பக்கம் அவர் மட்டும், எங்களுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்தபடி. ஹெட்போனில் மூன்று பீப் அடிக்கும். அடித்ததும் பேச வேண்டும்.

முதல் டேக். குரல் நடுங்கியது. சரிவரவில்லை.

இரண்டாவது டேக். வசனத்துக்கு நடுவில்... கிலுக்.

நிறுத்தினேன். "வளையலைக் கழட்டிடுங்கம்மா."

அவர் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். வெறும் கை. ஒரு கையில் ரப்பர் பட்டை போட்ட கடிகாரம் மட்டும்.

நான் இணை இயக்குநரைப் பார்த்தேன். மடியில் லேப்டாப். இந்த ஆள்தான் ஏதோ விளையாடுகிறான் என்று பட்டது. பழைய படத்திலிருந்து அக்காவின் குரலை எடுத்துக் கலக்கிறானோ?

"அதை வெளிய வச்சிட்டு வாங்க."

"எதுக்கு சார்?"

"வைங்கன்னா வைங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தார். உள்ளே வரும் ஒயரை எல்லாம் ஒருதரம் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு மைக். வேறெதுவும் இல்லை.

மூன்றாவது டேக்.

பீப்... பீப்... பீப்...

குரல் வந்தது.

அழுகைக்கு முன்னால் மூச்சை லேசாக விழுங்குவது அக்காவுக்கு மட்டுமே உள்ள பழக்கம். அது இருந்தது. ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

இணை இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசி வரி. கடைசி மூச்சு.

அமைதி...

பிறகு, மைக்குக்கு மிக அருகில்...

"சரி... நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

கிலுக்.

மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம்.

தங்கை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பெத்த பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்களே" என்றார். போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவை நினைத்து, அக்கா மாதிரியே முடித்திருக்கிறார், துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வளையல் சத்தத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டைட்டில் தயாரானது. அக்காவின் பெயர் இல்லை. தயாரிப்பாளரிடம் போய் நின்றேன்.

"கடைசி சீன் தங்கச்சிதானே பேசினாங்க? யார் பேர்னு போடறது? எதுக்கு வம்பு, விடுய்யா."

இதை போனில் சொல்ல மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே தங்கையின் வீட்டுக்குப் போனேன். அக்காவும் தங்கையும் சேர்ந்து வாழ்ந்த வீடு. அவர் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. அதன் வழியாகவே பேசினார்.

"ஏமாத்திட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?"

"நான் என்னம்மா ஏமாத்தினேன்?"

"மூணாவது தடவை நான் வாயே திறக்கல. பீப் முடிஞ்சதும் ஹெட்போன்ல அக்கா பேச ஆரம்பிச்சுட்டா. பழசைப் போட்டு விடறீங்கன்னு புரிஞ்சுது. ஆத்திரத்துல சும்மா நின்னேன்."

நான் கம்பிக் கதவை நெருங்கினேன்.

"பழசு ஏதும்மா? அந்த வசனமே... அன்னைக்குக் காலையிலதான் மாத்தி எழுதினாங்க."

அவர் என்னையே பார்த்தார். என் கண்ணில் பொய் இருக்கிறதா என்று தேடினார். நானும் அவர் கண்ணில் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன்.

"கடைசியில... வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொன்னாளே..."

"ஆமா."

அவர் மெல்லத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார்.

"அன்னையிலேருந்து அவ ரூம்ல வளையல் சத்தம் கேக்குது. எலின்னு நெனச்சேன்."

நான் ஓடியிருக்க வேண்டும். அங்கேயே நின்றேன்.

"பேராவது போடறாங்களா?"

பொய் சொல்ல முடியவில்லை. "இல்லம்மா. தயாரிப்பாளர் மாட்டேன்னுட்டார்."

அவர் கம்பியை விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"கேட்டியாக்கா? போட மாட்டாராம்."

உள்ளே...

கிலுக்.

அவ்வளவுதான். பிறகு எதுவும் இல்லை.

மறுநாள் பொழுது விடிவதற்குள் என் போன் அடித்தது. தயாரிப்பாளர்.

"அந்தம்மா பேரைப் போடச் சொல்லிட்டேன். தனி கார்டு. பெருசா."

"என்ன சார், திடீர்னு?"

வளையல், கைக்குட்டை விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. இணை இயக்குநரும் சொல்லவில்லை என்று பிற்பாடு தன் தாய்மேல் ஆணையிட்டார்.

"ஏய்யா..." என்றார் தயாரிப்பாளர். "அவங்க கையில... கைக்குட்டை கட்டியிருப்பாங்களா?"