செல்லப்பன் அண்ணனின் குடம்

எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் பதினெட்டு வருடம் குடம் அடித்தவர் செல்லப்பன் அண்ணன். கொரோனாவுக்குப் பிறகு கோயில் கமிட்டிகள் சின்னக் குழுவே போதும் என்றன. "ஒரு ஞாபகத்துக்கு அண்ணே" என்று பொய் சொல்லி, அவர் அடிப்பதை மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தேன். அடுத்த மாதமே அவரை நிறுத்திவிட்டேன்.

மயிலாடிப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் அந்தப் பதிவை ஓடவிட்டுப் பாடினேன். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மேடையருகே வந்தார்.

"மக்கா, அது நான் அடிச்சதுல்லா?"

கமிட்டிக்காரர்கள் முன்னால் சண்டை வந்துவிடுமோ என்று பயந்தேன். "இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல உள்ளது."

"அப்பிடியா? என்னைவிட நல்லா அடிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நம்பியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். பாடுவது மட்டும் அதே பதிவோடுதான்.