பிள்ளைத்துணி காய்ந்த புகைப்புரை

என் மகள் இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பெருமழையின் நடுவில் பிறந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பேறுகாலத்துக்கு ஆரியங்கோட்டில் இருந்த என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கைக்குழந்தை என்றதும் பால்மணம், பிஞ்சு விரல், தூக்கத்தில் சிரிப்பு என்று உருகி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: இவர்கள் யாரும் மழைக்காலத்தில் பிள்ளை வளர்த்ததில்லை. எனக்கு நினைவில் இருப்பது ஈரத்துணி. வீடு முழுக்க ஈரத்துணி.

டயப்பர் என்பது அன்று வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் மட்டும் இருக்கும் பொருள். எங்களுக்கு அப்பாவின் பழைய வேட்டிகள்தான். அம்மா அவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் போட்டு எடுத்து, அடுக்கி வைத்திருந்தாள். அந்த அடுக்கைப் பார்த்தபோது ஓர் ஊருக்கே போதும் என்று நினைத்தேன். என் மகள் அதை ஒரு பகலில் முடித்துவிட்டாள். பாலை வாங்கிக்கொள்வதும் உடனே கீழே அனுப்புவதும்தான் அவளுக்கு வேலை. இடையில் ஏதாவது உடம்பில் தங்கியதா என்பதே சந்தேகம்.

வெளியே மழை விடவில்லை. ஜன்னல் கம்பியில், கட்டில் காலில், கதவின் மேல், அடுக்களைக் கொடியில் என்று எங்கும் துணி தொங்கியது. இடமில்லாமல் ஒன்றைச் சாமிப் படத்தின் ஆணியில் மாட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அதை எடுத்தாள். மூன்றாம் நாளும் காயாத துணியிலிருந்து வந்த வாடையைச் சாமிதான் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வழி கண்டுபிடித்தவர் என் அப்பா. வீட்டுக்குப் பின்னால் எங்கள் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைப்புரை இருந்தது. தகரம் போட்ட சின்ன அறை. மேலே கம்புகளில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும், கீழே தேங்காய்த் தொண்டும் பச்சை விறகும் புகைந்துகொண்டிருக்கும். வெள்ளையாகப் போகும் ஷீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு குறைவு என்பதால் பாதிக் கம்புகள் காலியாக இருந்தன.

“புரை சும்மா கெடக்கு. பிள்ளைக்க துணிய அங்க இட்டா ஒரு மணிக்கூறில உணங்கும்,” என்றார் அப்பா.

சொன்னபடியே ஆனது. துணிகள் பப்படம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்து வந்தன. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை பார்க்க வந்தவர்களைப் பிள்ளையிடம் விடாமல் முதலில் புரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பேரனின் துணியையும் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். என் மகள்மேல் எப்போதும் ஒரு புகைவாடை அடித்தது. ஷீட்டு வாங்குகிற கடைக்காரர் யாராவது அவளை மடியில் வாங்கியிருந்தால் கிரேடு பார்த்து விலை சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் குளிப்பாட்டுவதற்காக அவளைக் கமுகம்பாளையில் கிடத்தித் துணியை அவிழ்த்த அம்மா, ஐயோ என்றாள். இடுப்பிலும் தொடையிலும் பின்பக்கத்திலும் சிவப்பாகத் தடித்திருந்தது. எண்ணெய் பட்டதும் பிள்ளை வீறிட்டாள். அம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எட்டி, நீ நேத்து என்ன தின்ன?”

நான் சாளைக்கறி தின்றிருந்தேன். மரச்சீனிக் கிழங்கும் சாளையும். அது போதுமானதாக இருந்தது. அன்றோடு மீன் நின்றது. தடிப்பு நிற்கவில்லை. அடுத்த நாள் பலாக்கொட்டை நின்றது, பிறகு முட்டை, பிறகு தேங்காய், பிறகு மிளகாய். பிள்ளையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என் தட்டிலிருந்து ஏதாவது ஒன்றைத் தூக்குவது காலை வழக்கமாகிவிட்டது. கடைசியில் சீரகக் கஞ்சியும், சுட்ட பப்படமும், பெயர் தெரியாத வேர்களைப் போட்டுக் காய்ச்சிய ஒரு கறுப்புக் கஷாயமும் மிஞ்சின. பப்படத்தையும் அம்மா சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசி என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பால் கொடுக்கிறவளின் பசி தனி ஜாதி. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நான் ஜன்னலில் போய் நிற்பேன். மகள் குடிக்கிற ஒவ்வொரு வாய்க்கும் என்னிலிருந்து ஏதோ கழன்று போவது போலிருக்கும். ஆனாலும் கொடுத்தேன். அவள் கண்ணை மூடி, ஒரு கையால் என் மாலையை இழுத்துப் பிடித்தபடி குடிப்பாள். அந்த நேரம் மட்டும் நான் யாருக்கும் பயப்படமாட்டேன். எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். அதை நான் விடத் தயாராக இல்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடமும் போனோம். நாங்கள் உட்காரும் முன்பே அவர் எழுதி முடித்துவிட்டார். வெள்ளை மருந்து ஒன்று கிடைத்தது. அதை நாங்கள் பக்தியோடு தடவி, அதன்மேல் புரையில் காய்ந்த துணியைக் கட்டினோம்.

இதற்கிடையே அப்பாவிடமும் ஏதோ மாறியிருந்தது. அவர் உட்காருவதை நிறுத்திவிட்டார். நின்றுகொண்டே சாயா குடித்தார், நின்றுகொண்டே பேப்பர் படித்தார். கேட்டால், “காலு ஒரு பிடுத்தம்,” என்பார். கதவு நிலையில் முதுகைச் சாய்த்து மெல்ல மேலும் கீழும் அசைவார். அதற்குமேல் யாரும் கேட்க முடியாது. அப்பா உடம்பைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. சட்டைப் பித்தானை மேல்வரை போடாமல் முன்வாசலுக்கு வரமாட்டார். குளிமுறிக்குப் போவதை ‘அந்தப் பக்கம் போறேன்’ என்பார். நான் கர்ப்பமாக இருந்த காலம் முழுக்க ஊரில் விசாரித்தவர்களிடம், “மகளுக்குக் கொஞ்சம் க்ஷீணம்,” என்றே சொல்லி வந்தார். பிள்ளை பிறந்த பிறகுதான் பலருக்கும் அது என்ன க்ஷீணம் என்று விளங்கியது.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுவதற்காக என் கணவர் வீட்டார் பாறசாலையிலிருந்து வந்தார்கள். மாமி கையில் தங்க அரைஞாண் இருந்தது. பின்னால் வந்த என் கணவர் கையில் ஒரு பெரிய பால்பவுடர் டின்னும் இரண்டு புட்டியும் இருந்தன. தடிப்புச் செய்தி ஏற்கெனவே பஸ் ஏறிப் போயிருக்கிறது என்று புரிந்தது.

மாமி பிள்ளையை அவிழ்த்துப் பார்த்தாள். அரைஞாண் கட்டவேண்டிய இடத்திலேயே சிவந்து கிடந்தது. “இதுக்கு மேல எப்படி பொன்னக் கெட்ட?” என்றாள். பிறகு ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் பாலை அதில் ஒரு சொட்டு பீய்ச்சச் சொன்னாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டு தண்ணீரில் விழுந்து, கொஞ்சம் யோசித்து, வெள்ளையாகக் கலைந்தது. தண்ணீரில் விழுந்த பால் வேறு என்ன செய்யும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“பாலு தோஷமாக்கும்,” என்றாள் மாமி. “இனி குடுக்கப்பிடாது. பவுடர் கலக்கிக் குடுப்போம். முருங்கப்பட்டையோ மல்லிப்பூவோ வச்சுக் கெட்டுனா ஒனக்கு பாலு தானே வற்றிப்போவும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தேன். அவர் டின்னில் ஒட்டியிருந்த தாளை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார். “அம்மை சொல்லியதுபோலச் செய்யலாம்,” என்றார், தாளிலேயே அது எழுதியிருப்பது போல. அந்த நொடியில் அந்த டின்னை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

அடுக்களையில் வெந்நீர் கொதித்தது. புட்டியில் பவுடர் கலங்கியது. மகள் பசியில் கத்தினாள். மாமி ரப்பர் நிப்பிளை வாயில் வைத்ததும் அதைத் துப்பிவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பிக் கத்தினாள். அவள் சத்தத்துக்கு என் மார்பு கல்லாகக் கனத்து, ஜாக்கெட் நனைந்து, பால் தானாகச் சொட்டியது. தோஷப்பால். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் தேம்பி அழுதேன். “தாங்க மாமி, இந்த ஒரு தடவ மட்டும் குடுத்துக்கிடுதேன்,” என்று கெஞ்சினேன். மாமி கெட்டவள் இல்லை, அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் பிள்ளையைத் தரவில்லை.

“சம்மந்தி, ஒரு நிமிஷம்.”

அப்பா கதவு நிலையில் நின்றிருந்தார். சட்டையின் மேல்பித்தான் போட்டிருந்தது. முகம் அவித்த நண்டு மாதிரி சிவந்திருந்தது.

“எனக்கும் உண்டு,” என்றார்.

“எது?” என்றாள் மாமி.

“இந்தச் சொறி. பிள்ளைக்கு எங்கயெல்லாம் உண்டோ அங்கயெல்லாம் எனக்கும் உண்டு.” மேல்பித்தானை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். “நான் யாருக்க பாலும் குடிக்கல்ல சம்மந்தி.”

என் கணவர் முதன்முறையாக டின்னிலிருந்து கண்ணை எடுத்தார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். பிள்ளைத்துணியோடு தன் கோமணங்களையும் அதே கம்பில்தான் காயப்போட்டாராம். ரப்பர் பால் உறைய ஊற்றிய ஆசிட், பக்கத்தில் தொங்கும் ஷீட்டிலிருந்து வடிந்து மேலே தெறித்திருக்கலாம், அடியில் எரிந்த விறகின் கரியும் புகையும் துணியில் ஏறியிருக்கலாம், தெரியவில்லை என்றார். நேற்று முன்தினம் புரையில் போடாமலே ஒன்றை எடுத்து ஈரத்தோடு கட்டிப் பார்த்தாராம். அன்று அரிப்பு குறைந்ததாம். “எனக்க மகளுக்க பாலில தோஷம் இல்ல. எனக்க புரையிலதான் தோஷம்.”

அம்மா எழுந்து போய்த் துணி அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து மோந்தாள். மாமியிடம் நீட்டினாள். மாமி ஆழமாக இழுத்து, அடுக்கடுக்காகத் தும்மினாள். மூக்கைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மகள் ஒரு தேம்பலோடு கவ்விப் பிடித்தாள். மாலையைத் தேடிக் கை நீண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சம்கூட எனக்கு வரவில்லை.

அம்மாதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு மாமி. அப்பா குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் பெருங்கடவிளைச் சந்தையிலிருந்து வாங்கிய சாளை இருந்தது. தேக்கிலையில் பொதிந்து, நனைந்து, வெள்ளியாகப் பளபளத்தது. அம்மா குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தாள். நான் மரச்சீனியைக் குழம்பில் முக்கி முக்கித் தின்றேன். காரத்தில் கண்ணீர் வந்தது. அது முழுக்கக் காரத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன். அப்பா நின்றுகொண்டே பார்த்திருந்தார்.

“அப்பா, ஒங்களுக்கு எப்ப தொடங்கிச்சு?” என்று கேட்டேன்.

“பிள்ளைக்கு வந்த அன்னைக்குத்தான்.”

“பின்ன ஏன் சொல்லல்ல? நான் பட்டினி கெடந்தேனே.”

“எடம் அப்படி இல்லியா மக்களே.”

எனக்குக் கோபம் வந்தது. இவருடைய மானத்துக்காகவா இத்தனை நாள் கஞ்சி குடித்தேன் என்று. அதே மானத்தைத்தான் சம்மந்தக்காரர்கள் முன்னால் சற்று முன்பு அவிழ்த்துப் போட்டார் என்பதும் நினைவுக்கு வந்தது. தட்டை நீட்டி இன்னும் இரண்டு சாளை கேட்டேன்.

அரைஞாண் பிறகு ஒருநாள் கட்டப்பட்டது. டின் எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் என் கணவர் ஸ்பூன் ஸ்பூனாக அதை வெறும் வாயில் தின்று தீர்த்தார். துணிகளையெல்லாம் மறுபடி அலசி, சிரட்டைக் கரி போட்ட தேய்ப்புப் பெட்டியால் ஈரம் போகும்வரை தேய்த்தோம். தேய்த்தவர் அப்பா. முன்வாசலில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, பிள்ளைத்துணியோடு தன் கோமணங்களையும் வரிசையாகப் போட்டுத் தேய்த்தார்.

அந்த மழைக்காலம் முடியும்வரை எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது. அம்மா மகளைப் பாளையில் கிடத்துவாள். அவிழ்க்கும் முன்பே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, கூச்சமே இல்லாமல் உரக்கக் கேட்பாள்:

“ஓய், ஒமக்கு எப்படி உண்டு?”

ஊரில் யாரிடமும் தன் தலைவலியைக்கூடச் சொல்லாத அந்த மனிதர், சாயா கிளாஸோடு என் பக்கம் திரும்பிப் பதில் சொல்வார்:

“கொறவுண்டு மக்களே. நீ தைரியமாத் தின்னு.”