சேர்ந்துகொள்ளும் போத்தல்கள்

இரணைமடுக் குளத்தில் யாராவது மூழ்கினால் சனம் பொலிசுக்குச் சொல்ல முந்தி சுடலைமுத்துவிடம்தான் ஓடும். "முத்தண்ணை, போத்தலை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ!" கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவனுடையது. காணி கிடைக்கவில்லை, குளம் கிடைத்தது. வலை போட்டுப் பிழைத்தவனோடு பிணம் எடுக்கும் வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது.

வித்தை இவ்வளவுதான். காற்று விழுந்து தண்ணீர் அசையாத நேரம் பார்த்துத் தோணியில் போய், மூடி இறுக்கிய இரண்டு வெறும் போத்தல்களை ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளித் தண்ணீரில் விடுவான். மற்ற இடங்களில் அவை விட்டபடியே கிடக்கும். ஓரிடத்தில் மட்டும் மெல்ல மெல்ல நெருங்கி, முட்டி, ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே மூழ்கிச் சுழியோடினால் ஆள் கிடைக்கும். செத்தவர் கூப்பிடுகிறார் என்றது சனம். சுடலைமுத்துவின் வாயில் மந்திரம் இருக்கிறது என்றும் சொன்னது. இருந்தது வெற்றிலைதான்.

காரணம் அவனுக்குத் தெரியும். மீன் மொய்க்கிற இடத்தில் போத்தலை எல்லாப் பக்கத்தாலும் மீன் இடிக்கும். இரண்டு போத்தலுக்கும் நடுவில் மட்டும் மீன் நுழைய இடம் குறைவு. வெளியிலிருந்து இடி கூடினால் அவை சேராமல் என்ன செய்யும்? மீன் ஏன் அந்த இடத்தில் மொய்க்கிறது என்பதை மட்டும் அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் சொல்கிற கதையா அது?

போன வருடம் ஒரு நாள் நல்லதம்பியின் தோணி குளத்தில் கவிழ்ந்து கிடந்தது, ஆளைக் காணவில்லை. நல்லதம்பி, சுடலைமுத்துவின் மனைவி தங்கம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் செத்த பிறகு அவளுடைய இடுப்பில் வளர்ந்தவன். "நீந்தி அக்கரையில ஏறியிருப்பான். குடிச்சிட்டு எங்கயாச்சும் கிடப்பான்," என்று அவள் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தாள். காற்று விழுந்த காலையில் சுடலைமுத்து புறப்பட்டபோது அவளும் தோணியில் ஏறிக்கொண்டாள்.

"போத்தல் சேராட்டி என் தம்பி உசுரோட இருக்கான். அப்படித்தானே?"

"ம்."

முதல் இடத்தில் சேரவில்லை. அடுத்த இடத்திலும் இல்லை. "நான்தான் சொன்னேனே," என்று அவள் சிரித்தே விட்டாள். பேசாமல் கரைக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. மச்சானை மீனுக்கு விட்டுவிட்டு வீட்டில் எப்படிச் சோறு தின்பது? பட்டமரங்கள் நின்ற பக்கம் போய் மறுபடி விட்டான்.

போத்தல்கள் நடுங்கின. சற்று விலகின. பிறகு வந்து சேர்ந்துகொண்டன.

தங்கம்மா தண்ணீரில் கையை விட்டு இரண்டையும் பிரித்து வைத்தாள். மறுபடி சேர்ந்தன. மறுபடி பிரித்தாள். கடைசியில் பிரிப்பதை விட்டுவிட்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

சுடலைமுத்து சட்டையைக் கழற்றினான். கலங்கிய தண்ணீருக்குள் அவளுடைய விரல்களை மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன.

"ஏங்க, கையப் பிடிக்கிறான். என் தம்பி கையப் பிடிக்கிறான்."

"ஆமா புள்ள," என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீருக்குள் இறங்கினான்.