முகத்தை மறைத்து விற்ற கத்தி

கத்தி விற்கிற வேலையில் கத்தியை விட வாய்க்குத்தான் வேலை அதிகம். தக்காளியைக் கத்தி தானாக அறுத்துவிடும். அதை வேடிக்கை பார்ப்பவரை வாங்க வைக்க நாம்தான் பேச வேண்டும். எனக்கு இந்த வேலை கிடைத்ததே வாயால்தான். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். சனி, ஞாயிறுகளில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் ‘வைரமுனை’ கத்திக் கம்பெனியின் டெமோ மேஜை என் பொறுப்பு. தலையில் கம்பெனித் தொப்பி, முன்னால் ஒரு கூடை தக்காளி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி நல்ல கத்தி. எங்கள் வீட்டிலும் அதுதான். நழுவாத பிடி, சீக்கிரம் மழுங்காத முனை. பிரச்சினை பெட்டியின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கம்பெனி முதலாளி கைகூப்பிச் சிரிப்பார். கீழே ‘உங்கள் வீட்டு அண்ணன்’ என்று அச்சடித்திருக்கும்.

அந்த அண்ணன் கம்பெனியின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துப் பேசியது வாட்ஸ்அப்பில் சுற்றியது. “எங்க கத்தியோட ஷார்ப்பை நான் சொல்லக் கூடாது. எங்க ஃபேக்டரியில ஒரு அம்மா இருந்தாங்க. ரெண்டு விரல் போனதுகூடத் தெரியாம வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க.” கூட்டம் சிரித்தது, கை தட்டியது. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் புஷ்பம் அக்கா. வேலை வேகமாக ஓடட்டும் என்று சாணை மெஷினின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். சாணையில் பிடித்த கத்தி துள்ளி இடது கையில் இரண்டு விரல் போயிற்று. கை ஆறியதும் வரச் சொன்னவர்கள், ஆறிய பிறகு ஃபேக்டரி கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விட்டால் அங்கே வேறொருத்தி வந்து வாயை மூடிக்கொண்டு விற்பாள். நான் இருந்தால், வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லலாம். விற்பனை படுத்தால் கம்பெனி இறங்கி வரும், அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். இதுதான் என் கணக்கு. துணிக்கடையிலோ செல்போன் கடையிலோ ஒரு நாளாவது வாடிக்கையாளருக்கு முன்னால் சிரித்து நின்றவர்களே, என் கணக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

முகத்தின் மேல் ஆஃபர்

வீடியோ பரவிய வாரம் கடைக்காரர் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சரக்கைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று சந்தோஷமாகப் போனேன். அவர் ஒரு ஸ்டிக்கர் சுருளை நீட்டினார். மஞ்சளில் சிவப்பு எழுத்து: ‘சிறப்புச் சலுகை’. “பெட்டி பெட்டியா அந்த மூஞ்சி மேல ஒட்டிரும்மா” என்றார். வெட்கமாக இருந்தால் விற்காதீர்கள், வெட்கமில்லை என்றால் ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “வெக்கம் அவருக்குத்தான் வரணும். எனக்கு ஸ்டாக்குல்லா வந்துருக்கு.”

ஒட்டினேன். அன்று மதியமே ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் உரித்தார். உள்ளேயிருந்து அண்ணனின் ஒரு கண் எட்டிப் பார்த்தது. விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரேட்டு அதேதானம்மா இருக்கு. அப்ப இதுல சலுகை என்ன, இந்தாளு மூஞ்சியைப் பார்க்காம இருக்கறதா?”

பேப்பரில் சுற்றிய கோபம்

ஹெலன் டீச்சர் அஸ்தினாபுரத்திலிருந்து வந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர். அவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை, வீடியோவை அவரே மூன்று குரூப்புக்கு அனுப்பியிருந்தார். “கை தட்டுனாங்களே ஜெனி, அதைத்தான் என்னால தாங்க முடியல” என்று கண் கலங்கினார். இதோ, என் கட்சிக்கு முதல் ஆள் வந்தாயிற்று. உற்சாகத்தில் புஷ்பம் அக்காவின் மெஷினில் தடுப்பு இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, நடுத்தர அளவுக் கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நான் விளங்காமல் பார்த்தேன். அவர் பெட்டியைத் திறந்து, கத்தியை வெளியே எடுத்து, காலிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். “பேப்பர்ல சுத்திக் குடும்மா. அந்த ஆளோட படம் எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது.”

நாவலூர் நியாயம்

அடுத்து வந்தவருக்கு முதுகில் லேப்டாப் பை, நாவலூரில் ஐ.டி. வேலை. தக்காளி அறுத்ததும் ஸ்டீல் என்ன கிரேடு என்று கேட்டார். சொன்னேன். பிறகு முதலாளி என்ன கிரேடு என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு உண்மையாகவே நொந்துபோனார். “ரொம்ப டிஸ்டர்பிங்கா இருக்கு” என்றார். ஒரு பொருளின் தரத்தையும் அதைச் செய்தவனின் தரத்தையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்று அவருடன் நல்ல வாக்குவாதம் நடந்தது. முடியாது என்றேன். முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படி யாரும் என்னிடம் சட்டென்று ஒப்புக்கொண்டதில்லை, எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கத்தியை மேஜையில் வைத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் போனை எடுத்துப் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டார். “ஃபுல் ரேட் குடுத்தா அந்தாளை சப்போர்ட் பண்ற மாதிரி ஆயிடும். ஆன்லைன்ல சேல் போடறப்ப வாங்கிக்கறேன்.”

சேனைக்கிழங்கு

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும். இருவரும் அரைமனதாக நின்றார்கள். நான் இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. “இந்தக் கத்தி ஒரு அம்மாவோட ரெண்டு விரலை எடுத்துச்சு, அதைச் சொல்லி முதலாளி மேடையில சிரிச்சார்” என்றேன். கணவர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் எலும்போடு போயிற்றா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று புரிவதற்குள் என் வாய் “ஆமாம்” என்று சொல்லிவிட்டது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தலையாட்டினார். பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நகர்ந்து வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மேஜை காலி. கழுத்து வலிக்கிற மாதிரி அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே இருந்தார். இதற்கெல்லாம் ஆரம்பம், அந்த அம்மாள் பை விரித்துக்கொண்டே நிதானமாகச் சொன்ன ஒரு வாக்கியம். “சேனைக்கிழங்கு அறுக்கவே இவருக்குக் கை வலி வந்துடும். எலும்பையே எடுத்துருக்குன்னா சேனை எம்மாத்திரம், ரெண்டு குடு.”

குறுக்கு விசாரணை

கானத்தூர் குப்பத்திலிருந்து தாம்பரத்துக்கு மீன் கொண்டுவந்து விற்கும் கன்னியம்மா அக்கா, வஞ்சிரம் துண்டு போட ஒரு கத்தி கேட்டு வந்தார். முழுக் கதையையும் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

“அந்தப் பொம்பளைக்கு வேல இல்ல. நீ மட்டும் அவன் தொப்பிய மாட்டிகினு கீற.”

“நான் இருக்கறதால தானேக்கா உங்களுக்கு உண்மை தெரியுது.”

“தெரிஞ்சி? எத்தினி பேரு வாணாம்னு போனாங்கோ?”

எந்த அணியிலும் பேசுகிறவள் நான். அன்று மீதிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன். போன வாரத்தை விட இந்த வாரம் அதிகமாக விற்றிருந்தது. அவர் கத்தியை எடுத்தார், பிடியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார், திரும்ப மேஜையில் வைத்துவிட்டார். கதையைக் கேட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். போகிற போக்கில் திரும்பிச் சிரித்தார். “வாங்காதன்னு சொல்றதுக்கே ஒரு ஆள சம்பளம் குட்த்து வச்சிகினு கீறான் பாரு. அவன் கில்லாடிமா.”

டெக்னிக்

அடுத்த சனிக்கிழமை ஏரியா மேனேஜர் சுந்தர் சார் வந்தார். தாம்பரம், பல்லாவரம் வட்டாரக் கடைகள் எல்லாம் அவர் கையில். நான் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் காதுக்குப் போய்விட்டது, இன்றோடு வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். முகத்துக்கு நேரே கேட்பதற்கு வீட்டிலிருந்தே கேள்விகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். முதல் கேள்வியைத் தொடங்குவதற்குள் அவர் என் கையில் ஒரு சாத்துக்குடி ஜூஸைக் கொடுத்தார்.

இந்த வட்டாரத்திலேயே அதிகம் விற்பது என் மேஜையாம். நான் சொல்வதைத் தானும் ஓரமாக நின்று கேட்டாராம், உடம்பு சிலிர்த்துவிட்டதாம். நான் விற்பதற்காகச் சொல்லவில்லை, தடுப்பதற்காகச் சொல்கிறேன் என்றேன். அவர் அதை ரொம்ப ரசித்தார். “மத்த கடைப் பொண்ணுங்களையும் இதையே சொல்லச் சொன்னேன்மா. சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க, எடுபடல. உன்னை மாதிரி கோவமா சொல்ல ட்ரெய்னிங் குடுக்கறியா?”

ஸ்பீக்கரில் வந்த கருணை

ஜூஸை மேஜையில் வைத்துவிட்டு யோசித்தேன். என் கணக்கு தலைகீழாகிவிட்டது. சரி, தலைகீழாகவே பேரம் பேசுவோம். புஷ்பம் அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்தால் ட்ரெய்னிங் கொடுக்கிறேன் என்றேன். சுந்தர் சார் கடைக்கு வெளியே போய் முதலாளிக்கே போன் போட்டார், என்னையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன்களுக்கு நடுவில் அந்தக் குரலைக் கேட்டேன். அதட்டல் இல்லை, எரிச்சல் இல்லை. பெட்டியில் சிரிப்பது போலவே பேசினார். பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்று கூட விசாரித்தார்.

அக்காவின் பெயரைச் சொன்னதும் ஒரு நொடி சத்தமில்லை. மறந்துபோயிருப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். “தாராளமா வரட்டும்மா. ஃபேக்டரி எதுக்கு, உன் டெமோ மேஜையிலயே நிக்கட்டும். பேசக்கூட வேணாம், கையைக் காட்டினா போதும்.”

பொழிச்சலூரில் கேட்ட கேள்வி

அன்றே அக்கா வீட்டுக்குப் போனேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையின் மூன்று விரலால் சேலையைப் பிடித்து, வலது கையால் உதறிக் கொடியில் விரித்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நானே பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன், சொல்லத் தொடங்கினேன்.

“தாம்பரத்துக்கு நேர் பஸ்ஸு இருக்குல்ல?” என்றார் அக்கா.

“அக்கா, உங்க கையைக் காட்டி கத்தி விக்கப் போறாங்க.”

“பஸ்ல பாக்கலியா, ரேஷன் கடையில பாக்கலியா. எல்லாரும் பாக்கறாங்க. சம்பளம் குடுத்துப் பாக்கறவன் இவன் ஒருத்தன்தான்.”

அவர் கிளிப்பை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமாக ஏதாவது சொல்லிவிடுவார், சொல்லட்டும், என்னையாவது திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவருக்கு வேறு கவலை இருந்தது. “கையைத் தொங்கப்போட்டு நின்னா வீங்கிக்குதும்மா. அங்க உக்கார எடம் குடுப்பாங்களா?”

பெயர்

ஒரு மேஜைக்கு ஒரு ஆள்தான். நான் விலகிக்கொண்டேன். ட்ரெய்னிங்கும் கொடுக்கவில்லை, கோபத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று சுந்தர் சாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். புஷ்பம் அக்காவுக்கு ஒரு ஸ்டூல். கடைக்குள்ளேயே எவர்சில்வர் ஸ்டூல்கள் அடுக்கடுக்காக விற்பனைக்கு இருந்தன, கை நீட்டினால் எடுத்துப் போட்டுவிடலாம்.

வீடியோ வந்த நாளிலிருந்து அதுவரை அந்தக் கம்பெனியில் யார் முகத்திலும் அதிர்ச்சியை நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். சுந்தர் சாருக்கு வாய் லேசாகப் பிளந்துவிட்டது. பெட்டிகளைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டெமோவுக்கு வந்தவங்க உக்காந்துக்கிட்டு இருந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க. கம்பெனிக்குன்னு ஒரு பேர் இருக்கும்மா.”

ஆகவே, என் வாதம் தோற்றதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை: கத்தி தரமாகத்தான் இருக்கிறது, கம்பெனியின் பெயரும் கெடவில்லை, புஷ்பம் அக்கா நின்றுகொண்டுதான் இருக்கிறார்.