மூன்றாம் ஓலைக்குள் ஓட வேண்டிய கார்

பூமியைப் பலமுறை சுற்றிய கார் ஒன்று எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது என்று சொன்னால் என் கல்லூரித் தோழிகள் நம்புவதில்லை. நின்றது. திரேஸ்புரத்தில், அப்பாவின் வலைக்குவியலுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே, குட்டியானை வேனிலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டு நின்றது. இரண்டே கதவு. மணலில் பதுங்கிய திருக்கை மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முன்பக்கம் விளக்கே இல்லையே என்று, அப்போது நாலாம் வகுப்பில் இருந்த நான் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை பேட்டரியை இணைத்து எதையோ அழுத்தினாள். மூடியிருந்த தகடு எழும்பி, ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்து என்னைப் பார்த்தது. மற்றது துருப்பிடித்து இறுகியிருந்தது. எனக்கு அந்த ஒரு கண்ணே போதுமாயிருந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் வளைகுடாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, ஆசை தீர ஓட்டி, பிறகு கொட்டகையில் மறந்துபோன வண்டி அது. அவர் மகளுக்கு அத்தை இயற்பியல் டீச்சர். இடம் மிச்சமாகும் என்று சந்தோஷமாகவே கொடுத்துவிட்டார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அதுவரை சைக்கிளுக்குக்கூடக் காற்றடித்தவள் இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களை முந்தானையால் துடைத்துப் படித்தாள். கரித்துண்டை எடுத்து, பூமியின் சுற்றளவால் அதைச் சுவரிலேயே வகுத்தாள்.

“நான் மதுரையத் தாண்டினதில்ல. இது எத்தன சுத்து சுத்திருக்கு பாத்தியா?” என்றாள்.

அதே மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை. புடவை, நகை, நாள், வேலையை விட்டுவிட்டு அங்கே போவது என்று எதைக் கேட்டாலும் அத்தை சரி என்றாள். கடைசியில் தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். கோயிலுக்கு இந்தக் காரில்தான் போவேன், நானேதான் ஓட்டுவேன்.

“ஏளா, மொதல்ல இது ஓடுமா?” என்றார் அப்பா.

“ஓட வைக்கேன்.”

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, யாருக்காவது தடை உண்டா என்று சாமியார் கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். அப்பா அதையே கெடுவாக வைத்தார். மூன்றாம் ஓலைக்குள் வண்டி தானாக முற்றத்தை விட்டு வெளியே வரவேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

அத்தைக்குக் குரு அவள் கைபேசிதான். எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒரு தாடிக்காரர் இதே வண்டியைப் பிரித்து மாட்டும் வீடியோ. அவர் பேச்சு எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. அத்தை அவர் கைகளை மட்டும் பார்ப்பாள். நிறுத்துவாள், இரண்டு விரலால் பெரிதாக்குவாள், தன் விரல்களை அதே மாதிரி மடக்கிப் பார்ப்பாள். பள்ளி விட்டு வந்ததும் பழைய நைட்டிக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் போய்விடுவாள். வெளியே தெரியும் இரண்டு பாதங்களிடம்தான் நான் பேசிக்கொண்டிருப்பேன்.

இஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தக் குழிகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டாள். தினமும் நீளமான ஸ்பேனரைப் போட்டு இருவரும் தொங்குவோம். அசையாது. ஒருநாள், முதல் ஓலை வாசித்த மறுநாள் என்று நினைவு, அது ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தது. ஒரு விரற்கடைதான் இருக்கும். அத்தை ஸ்பேனரை விடாமல் அப்படியே நின்றாள். உள்ளே, எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரும்பு ஏறி இறங்குகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது மட்டுமே எனக்கு வரும் மயிர்க்கூச்செறிவு அங்கே கோழிக்கூண்டருகே வந்தது.

அவள் செய்த தவறுகளுக்கும் குறைவில்லை. பிளக் வயர் நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு, வரிசை மாற்றி மாட்டிவிட்டாள். சாவியைத் திருப்பியதும் பின்குழாயில் வெடித்த வெடிக்குப் பக்கத்து வீட்டார் கோயில் கொடியேற்றமோ என்று வெளியே வந்தார்கள். நான் குசினிக்குள் ஓடி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வெடிக்கிறதென்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம். அதன்பின் ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறத்தில் நகப்பூச்சு அடித்து வைத்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அப்பாவும் அவளும் சேர்ந்து செய்தது. வண்டியின் அடித்தகடு துருவேறியிருப்பதைக் குனிந்து பார்த்த அன்றுதான் அப்பா முதல்முறையாக வண்டியிடம் வந்தார். துருவும் உளுத்தலும் கண்டால் மீன்பிடி வல்லம் வைத்திருப்பவருக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே போய் மீன் எண்ணெய் டின்னோடு வந்தார். கடல் தண்ணீருக்கே தாங்கும் எண்ணெய், ரோட்டுத் தண்ணீருக்குத் தாங்காதா? அத்தைக்கும் அது நியாயமாகவே பட்டது. வல்லத்துக்குப் பூசுவதுபோல அண்ணனும் தங்கையும் மல்லாந்து படுத்து, புகைக்குழாய் உட்பட ஓரிடம் விடாமல் பூசினார்கள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் மாலை வண்டி உறுமியது. முற்றம் நடுங்கியது, கோழிகள் கூரைமேல் ஏறின, துரு நீங்கிய கண்ணும் சேர்ந்து இரண்டும் ஒன்றாகத் திறந்தன. அத்தை மெல்ல அதைத் தெருவுக்கு இறக்கினாள். குழாய் சூடானதும் தெரு முழுக்க மீன் வறுக்கும் நெடி எழுந்தது. திரேஸ்புரத்துப் பூனைகள் மொத்தமும் பின்னால் நடந்தன.

“யக்கா, மசாலாவும் தடவிருந்தா சோறு மட்டும் பொங்கினாப் போதுமே,” என்றார் அப்பாவின் வல்லத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர்.

அப்பா யாரையும் பார்க்காமல் நின்றார். ஆனால் இரும்புக்கடைக்காரரை அவர் கூப்பிடவில்லை.

கல்யாணத்தன்று காலை அத்தை வெள்ளைப் பட்டில், வெறுங்காலோடு வண்டியில் ஏறினாள். முக்காடாகப் போடும் தலைநெட்டை மடித்து என் மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்த ஒரே இருக்கை எனக்கு. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அப்பா மட்டும் புது பைக்கில் பின்னால் வந்தார். கிளம்பும்போது அத்தை எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டினால் சொல்லவேண்டும்.

கோயில் இடதுபக்கம். அத்தை வலதுபக்கம் திருப்பினாள். சோதித்துப் பார்க்கிறாள் என்று நான் முள்ளிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கடற்கரைச் சாலையில் வேகம் ஏறியது. இருக்கை என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. உப்புக்குவியல்கள் வெள்ளையாக வழுக்கிப் போயின. தூரத்தில் துறைமுகத்துப் பளுதூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகளைப்போலப் பெரிதாகிக்கொண்டே வந்தன. இப்படி ஒரு பொருளை, இப்படி ஒரு மனுஷியை, நான் அதற்குமுன் கண்டதில்லை.

நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“முள்ளு எங்கன நிக்கு?”

“நடுவுக்கும் கீழதான் அத்த. பெட்ரோலும் இருக்கு.”

அவள் மதுரைக்குப் போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா எங்களை நெருங்காமல், தொலைவிலேயே பைக்கை ஓரங்கட்டி, அணைத்துவிட்டு நின்றார். ஹாரன் அடிக்கவில்லை, கை காட்டவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். பூமி சுற்றிய எங்கள் கிழட்டு வண்டியின் இஞ்சின் நிற்காமல் ஓட, அவருடைய புது பைக் பாதி வழியில் மக்கர் செய்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை நான் சொன்னதும் அத்தை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினாள்.

பூசை முடிந்ததும் பைக் எதனால் நின்றது என்று அப்பாவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும் என்று நான் அவருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.