பெலிசியாவைக் கேட்காமல் வைத்த காப்பர்-டி

என் அக்கா பெலிசியாவுக்கு இரண்டாவது குழந்தை ஏன் தங்கவில்லை என்பதற்கு அவளைத் தவிர எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. அவள் மாமியார் இன்னாசிமேரி, கர்ப்பப்பையில் சூடு என்றார். கீரப்பாளையத்து நாட்டு வைத்தியர், ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். அக்காவின் கணவர் அமலன் மாமா டாக்டர் பேச்சையே தட்டிக்கழித்தார். டாக்டரிடம் போனால் தன்னையும் சோதிப்பார்கள் என்று பயம். அதனால் நான்கு வருடமாக டாக்டரிடம் போகவே இல்லை.

அந்த நான்கு வருடமும் அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். வெறும் வயிற்றில் கஷாயம் குடித்து வாந்தி எடுத்தாள். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை மடிக்க வேண்டும். மாதவிலக்கு வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் கொட்டும். விரித்துக் காட்டுகிற பட்டுச்சேலையில் கறை பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து நிற்பாள். அதற்கும் மாமியாரிடம் ஒரு கஷாயம் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மஞ்சக்குப்பத்தில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். படித்தது விலங்கியல். கருப்பையைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அக்காவின் கருப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அவள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். நான் போய் அவளைச் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைப் பார்த்தபடியே, காப்பர்-டி எப்போது போட்டது என்று சாதாரணமாகக் கேட்டார். போடவே இல்லை என்றாள் அக்கா. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு.

செம்புக் கம்பி சுற்றிய சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது உள்ளே இருக்கும்வரை கரு தங்காது. மகள் பிறந்த அன்று, பிரசவ மேசையிலேயே அக்காவுக்கு வைத்திருக்கிறார்கள். இன்ன சாதனம், இவ்வளவு வருடம் இருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டோம். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நர்ஸம்மா வெளிய வந்து கேட்டுச்சி. அடுத்த புள்ளைக்கு எடவெளி வேணும், ஒண்ணு வெக்கறோம்னிச்சி. செரின்னேன். போட்ட தையலு தானா கரைஞ்சிடும்னு அதுதான் சொல்லிச்சி. இதுவும் கூடவே கரைஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் ஒரே சந்தோஷம். எடுத்துவிட்டால் அடுத்த வருடமே பேரன் என்றார் மாமியார். மாமா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். "பாத்தியா, எங்கிட்ட ஒரு கோளாறும் இல்ல" என்றார். கையிலிருந்த டம்ளரை அவர் மேல் வீசியிருப்பேன். அக்கா மட்டும் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே இருந்தாள். அந்தக் கஷாயத்துக்கும் ஒருசந்திக்கும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் எல்லோரும் பெண் டாக்டரிடம் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "எடுத்துடலாமா சார்?" என்றார். மாமா தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் உடம்பில், என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெக்கறப்ப அத்தைய கேட்டாங்க. எடுக்கறப்ப இவர கேக்கறீங்க. எனக்கும் காது கேக்கும் டாக்டர்."

டாக்டர் பேனாவை வைத்தார். அக்கா குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள். "ரத்தம் போறது இதனாலன்னா எடுத்துடுங்க. புள்ளைக்காக எடுக்க வேணாம். புள்ள வேணுமா, எப்ப வேணும்னு நான் யோசிக்கணும். வேணாம்னா வேற என்ன வழி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவங்க வெளிய இருக்கட்டும்."

மாமா எழுந்தார். மாமியாரும் முனகிக்கொண்டே எழுந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"நீயுந்தாண்டி" என்றாள் அக்கா.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. அவளுக்காகப் பேசத்தானே வந்தேன்? ஆனால் அன்று உள்ளே என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தால், நானும் அவளைக் கேட்காமலே பதில் சொல்லத்தான் வாய் திறந்திருக்கிறேன்.

அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. பிள்ளையா, வேறு வழியா, என்ன முடிவு செய்தாள் என்று இன்றுவரை அவள் எங்களிடம் சொல்லவில்லை. மாமியார் மாதாமாதம் என்னிடம் துருவுகிறார். எனக்குத் தெரியாது என்கிறேன். உண்மையிலேயே தெரியாது.